நூலகத்துச் சீடிக்குள் கிடக்கும் திருமலை வீடுகள்: மொடல்களை எப்படித் திறப்பது, எங்கே வைப்பது?

மாடவிளக்கு (திங்கள், இரவு 8.20)

வணக்கம். நான் கட்டடக்கலை நாலாம் வருடம். சொந்த இடம் திருகோணமலை, படிப்பது கொழும்புப் பக்கம். ஆய்வேட்டுக்கு எங்கள் டவுனில் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளை எடுத்திருக்கிறேன். டச் பே பக்கமும் உள் ஒழுங்கைகளிலும் இருக்கிற வீடுகள். முன்னால் மரத்தூண் வைத்த விறாந்தை, உள்ளே சின்ன முற்றம், ஓட்டுக் கூரை. போன விடுமுறையில் போட்டோ எடுத்த ஒரு வீடு இந்த முறை வந்து பார்த்தபோது இல்லை. அத்திவாரம் வெட்டிக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முன்னால் யாராவது இவற்றை அளந்து கணினியில் 3டி மொடல் செய்திருப்பார்கள் என்று நினைத்து எங்கள் நூலகத்தில் தேடினேன். பழைய ஆய்வேடுகளின் பின் அட்டையில் ஒரு உறை ஒட்டி, அதற்குள் சீடி வைத்திருக்கிறார்கள். கிழக்கு மாகாணம் பற்றியது என்று 11 சீடி எடுத்தேன். நூலகக் கணினி எதிலும் இப்போது சீடி டிரைவ் கிடையாது. கூட்டாளி ஒருத்தியிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தால் 4 தான் திறந்தது. அதில் ஒன்றில் ஸ்கெட்ச்அப் கோப்பு, ஒன்றில் ரெவிட் (இரண்டும் கட்டட மொடல் செய்யும் மென்பொருள்), மற்ற இரண்டிலும் வெறும் ஜேபெக் படங்கள். மீதி 7 சீடியும் சுற்றிச் சுற்றி நின்றுவிடுகின்றன.

எங்கே தேடலாம்? நான் செய்யப்போகும் மொடல்களை எங்கே வைத்தால் இந்தக் கதி வராது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூலகமேசை (திங்கள், இரவு 9.45)

தங்கச்சி, நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்கிறேன். கட்டடக்கலைப் பிரிவும் என் பொறுப்பில்தான். நீ சொன்ன உறையும் சீடியும் எங்களிடமும் இருக்கின்றன. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 7 சீடியையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதே. எழுதும் சீடியில் தரவு ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. வெப்பமும் ஈரமும் அந்தப் படலத்தையும் மேலே இருக்கிற ஒளி தெறிக்கும் படலத்தையும் கெடுக்கும். ஒரு டிரைவில் வாசிக்காதது இன்னொரு கம்பனியின் டிரைவில் வாசிக்கலாம், அதனால் இரண்டு மூன்று டிரைவ் மாற்றிப் பார். வாசித்த உடனே கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்காமல், முழுச் சீடியையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுத்துவிடு. திறந்து பார்ப்பது எல்லாம் அந்தப் பிரதியில். திறந்த 4 சீடிக்கும் இதை நாளைக்கே செய்.

தேடுவதற்கு: மொரட்டுவைப் பல்கலைக்கழக நூலகத்தின் டிஜிட்டல் களஞ்சியத்தில் ஆய்வேடுகளைத் தேடலாம். ஆர்க்நெட் என்ற தளம் 2002இலிருந்து இருக்கிறது, காசு இல்லை, ஆசியக் கட்டடங்களின் வரைபடங்களும் படங்களும் உண்டு. ஒரு வீட்டை அளந்து எப்படித் தாளில் வைப்பது என்று பழக வேண்டும் என்றால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹாப்ஸ் தொகுப்பைப் பார். 1933இல் தொடங்கிய கட்டட அளவைத் திட்டம். பல கட்டடங்களுக்கு அளந்த வரைபடம், போட்டோ, குறிப்பு மூன்றும் சேர்ந்தே இருக்கும். நம்முடைய கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் ஒல்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகம்தான் சுரங்கம். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனிக் காலத்து வரைபடங்களைப் பெரிய அளவில் ஸ்கான் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். திருகோணமலையை ஒல்லாந்து எழுத்துக்கூட்டலில் தேடு, நிறைய வரும்.

ஆனால் நீ கேட்கும் சாதாரண வீடுகள் இவை எதிலும் இருக்காது. அவை பெரும்பாலும் யாரோ ஒருவருடைய மேசை லாச்சிக்குள் கிடக்கும்.

பழைய படவரைஞர் (செவ்வாய், காலை 6.10)

லாச்சி என்றதும் எழுத வேண்டி வந்துவிட்டது.

மகள், நான் 30 வருடம் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். திருமலையில்தான் இருக்கிறேன். நீ சொல்லும் வீடுகளில் பலவற்றை நான் அளந்திருக்கிறேன். திருத்த வேலைக்கு, காணிப் பங்கு பிரிப்புக்கு, சுனாமிக்குப் பிறகு சேத மதிப்பீட்டுக்கு. முதலில் ட்ரேசிங் தாளில் ரொட்ரிங் பேனா. பிறகு 98, 99 வாக்கில் ஆட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருள். அலுவலகத்தில் இருந்த பிரதிகள் இடம் மாறியபோது போய்விட்டன. வீட்டில் ஒரு சீடியும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும் இருக்கின்றன. மகன் கொண்டுவந்த லாப்டொப்பில் போன வருடம் திறந்து பார்த்தோம். கோடுகள் சரியாக வந்தன. எழுத்துகள்தான் எல்லாம் ஆங்கில எழுத்தாகக் குப்பையாக வந்தன. வைரஸ் என்று நினைத்து மூடிவிட்டேன்.

உனக்கு உதவும் என்றால் தருகிறேன்.

மாடவிளக்கு (செவ்வாய், காலை 6.32)

ஐயா, உதவுமா என்று கேட்கிறீர்களே! தயவுசெய்து அந்த ஹார்ட் டிஸ்க்கை யாருக்கும் கொடுத்து ஃபோர்மட் பண்ண விட்டுவிடாதீர்கள்.

பாலையூற்றான் (செவ்வாய், மதியம் 12.50)

ஐயா, நான் நில அளவை வேலை செய்கிறவன், பாலையூற்று. திறக்கும் முன் ஒரு சின்ன வேலை. டிடபிள்யூஜி கோப்பு (ஆட்டோகேட் வரைபடக் கோப்பு) ஒன்றைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை நோட்பேட்டில் திறவுங்கள். முழுக்கக் குப்பையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். முதல் ஆறு எழுத்தை மட்டும் பாருங்கள். ஏசி1014 என்றிருந்தால் ஆட்டோகேட் ரிலீஸ் 14. ஏசி1015 என்றால் 2000ஆம் ஆண்டு வடிவம். ஏசி1032 என்றால் 2018 வடிவம். எந்தக் காலத்துக் கோப்பு என்று அதில் பிடித்துவிடலாம். பார்ப்பதற்கு ட்ரூவியூ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அப்புறம், எதிலும் 'சேவ்' அமத்த வேண்டாம். புதிய வடிவத்தில் பழசின் மேலே எழுதிவிடும்.

பழைய படவரைஞர் (செவ்வாய், மாலை 5.15)

ஏசி1014 தம்பி. எல்லாமே அதுதான். மகனிடம் சொல்லி நாலு வீட்டை மகளுக்கு அனுப்பியிருக்கிறேன். கோப்புப் பெயர்களை அப்போது எட்டு எழுத்துக்குள் சுருக்கி வைப்போம், அதனால் எது எந்த வீடு என்று தாளில் தனியே எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

மாடவிளக்கு (செவ்வாய், இரவு 10.05)

திறந்துவிட்டது!

தரைப்படம், இரண்டு வெட்டுமுகம், கதவு யன்னல் விபரம் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஐயா சொன்னது போல எழுத்துத்தான் புரியவில்லை. நடு முற்றத்தில் பெரிதாக 'கே, டபிள்யூ, அரைப்புள்ளி, டபிள்யூ, கே, அரைப்புள்ளி' என்று இருக்கிறது. ஒவ்வோர் அறையிலும் 'எம், ஐ, டபிள்யூ'. அறைகளுக்கு ஏதோ குறியீட்டு எண் கொடுத்திருக்கிறீர்களா ஐயா?

இன்னொரு பிரச்சினை. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளுக்குள் கொண்டுபோனால் வீடு தீப்பெட்டி அளவுக்கு வருகிறது.

கிண்ணியா ஓடாவி மகன் (செவ்வாய், இரவு 10.21)

எல்லாருக்கும் ஸலாம். தங்கச்சி, அது குறியீடு இல்லை, பாமினி! நம்முடைய பாமினி எழுத்துரு. எங்கள் கடையில் கலியாணக் கார்டு எல்லாம் அதில்தான் அடித்தோம். 'எம், ஐ, டபிள்யூ' என்றால் அறை.

பழைய படவரைஞர் (செவ்வாய், இரவு 10.40)

ஓம், ஓம். இப்போது விளங்குகிறது. அந்த எழுத்துகளை மகள் வரிசையாகச் சொன்னதும் விரல் தானாக அசைகிறது. பத்து வருடம் அந்த விசைகளில் தட்டியிருக்கிறேன். நடுவில் இருப்பது 'முற்றம்'. பின்பக்கம் பெரிய எஃப்பில் தொடங்கி 'ஆர், பி, டி, பி' என்று இருக்கும் பார், அது குசினி.

மாடவிளக்கு (செவ்வாய், இரவு 10.44)

இருக்கிறது ஐயா. கிணற்றுக்குப் பக்கத்தில்.

நூலகமேசை (புதன், காலை 8.30)

இரவு நான் தூங்கிய நேரத்தில் இவ்வளவு நடந்திருக்கிறது. மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விளக்கிவிடுகிறேன்.

யுனிகோட் பரவலாவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்கள்தான் நம்மிடம் இருந்தன. பாமினியில் கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்து, திரையில் தெரிவது தமிழ். டிடபிள்யூஜி கோப்பு எழுத்துருவின் பெயரை மட்டும்தான் தன்னுள் வைத்திருக்கும், எழுத்துருவை வைத்திருக்காது. கணினியில் பாமினி இல்லாவிட்டால் ஆட்டோகேட் வேறொன்றைப் போட்டுக் காட்டும், அப்போது உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். வேறு மொழி பேசும் ஒரு நூலகர் இதைப் பார்த்தால் 'சிதைந்த கோப்பு' என்று எழுதி ஒதுக்கிவிடுவார். இதனால்தான் இந்தக் கோப்புகள் தமிழ் தெரிந்த கைகளில் வர வேண்டும் என்கிறேன். வெளிநாட்டுப் பெரிய களஞ்சியம் எதற்கும் இதைக் கண்டுபிடிக்கத் தெரியாது.

செய்ய வேண்டியது: பாமினி எழுத்துருக் கோப்பையும் வரைபடத்தோடு அதே அடைவில் வை. யுனிகோட் மாற்றியில் போட்டு மாற்றிய பிரதியைத் தனியாகச் சேமி. மூலத்தைத் தொடாதே. மாற்றும்போது தவறு வந்தால் திரும்பிப் போக மூலம் ஒன்று வேண்டும்.

பாலையூற்றான் (புதன், மதியம் 1.05)

தீப்பெட்டிக்கு மருந்து: வாசல் கதவின் அகலத்தை அளந்து பார் தங்கச்சி. 36 என்று வரும். அது 36 அங்குலம், உன் பிளெண்டர் அமைப்பில் அது மில்லிமீட்டராக எடுக்கப்படுகிறது போல. 25.4ஆல் பெருக்கிவிடு. அந்தக் காலத்து வரைபடம் எல்லாம் அடி, அங்குலம். 'அலகு என்ன' என்பதைக் கோப்புக்குப் பக்கத்தில் ஒரு வெறும் உரைக் கோப்பில் எழுதி வைக்காததால் வருகிற சிக்கல் இது.

இனி ஒரு கருத்து. ஐயா மன்னிக்க வேண்டும். இப்போதைய காலத்தில் வரைபடத்தை மறுபடி மொடல் செய்வதை விட நேரே போய் ஸ்கான் எடுப்பது நல்லது என்று நினைக்கிறேன். போட்டோக்களிலிருந்து 3டி வடிவம் எடுக்கும் போட்டோகிராமெட்ரிக்கு ஒரு சாதாரண போன் கமரா போதும். ஒவ்வொரு படமும் முந்தினதோடு 70, 80 வீதம் ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும், அவ்வளவுதான். லைடார் (ஒளியால் தூரம் அளக்கும் உணரி) உள்ள ஐபோன் இருந்தால் உள்ளறைகளுக்கு அது வசதி, சுமார் 5 மீட்டர் தூரம் வரை பிடிக்கும். மனிதக் கை வரைந்ததில் பிழை இருக்கும், கோணல் சுவரை நேராக்கிவிடுவார்கள். ஸ்கானில் கிடைக்கும் புள்ளிமேகம், அதாவது அளந்த புள்ளிகளின் கூட்டம், இருந்ததை இருந்தபடி சொல்லும்.

பழைய படவரைஞர் (புதன், மாலை 4.50)

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் கோணலை நேராக்கினோம், மறுக்கவில்லை. 7 அடி 5 அங்குலத்தை ஏழரை என்று போட்ட நாளும் உண்டு.

ஆனால் மகள், மூன்றாவது கோப்பைத் திற. நடு அறைக்கும் பக்க அறைக்கும் இடைப்பட்ட சுவரின் மேல் சின்னதாக ஒரு வரி எழுதியிருப்பேன். அதை மாற்றியில் போட்டு வாசி.

மாடவிளக்கு (புதன், மாலை 5.20)

'64 சூறாவளிக்குப் பிறகு எழுப்பிய சுவர். வீட்டு அம்மா சொன்னது.'

ஐயா, நேற்று அந்த வரியில் 64 என்ற இலக்கம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஏதோ அளவு என்று நினைத்துத் தாண்டிப் போனேன். இந்த வீட்டுக்கு ஆரம்பத்திலிருந்தே நாலு அறை என்று வைத்துத்தான் என் இரண்டாம் அத்தியாயம் முழுவதையும் எழுதியிருக்கிறேன். அப்படியென்றால் அது முதலில் ஒரே நீளக் கூடம். முற்றத்துக் காற்று நேரே விறாந்தைக்குப் போகிற கூடம். நான் எழுதிய காற்றோட்டப் பகுதியே மாறுகிறது.

பாலையூற்றான் (புதன், மாலை 5.48)

சரி. இதை எந்த ஸ்கானரும் சொல்லாது. ஒப்புக்கொள்கிறேன்.

கிண்ணியா ஓடாவி மகன் (புதன், இரவு 9.10)

நானும் ஒன்று சேர்க்கிறேன். என் வாப்பா கூரை வேலைக்காரர். ஸ்கான் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பிடிக்கும். ஓட்டுக்குக் கீழே பலகை அடித்து மறைத்த வீட்டில் தீராந்தி எங்கே சுவரில் ஏறுகிறது, சலாகையை வளையில் எப்படிக் கொத்தி உட்கார்த்தியிருக்கிறது, பனை எது, பாலை எது, முதிரை எது, இதெல்லாம் மேலே ஏறி இரண்டு ஓட்டைக் கழற்றினால்தான் தெரியும். முற்றத்துப் பீலி தகரமா, மரத்தைக் குடைந்ததா என்பது கூட வீட்டுக்கு வீடு வேறு.

மொடலில் லேயருக்குப் பெயர் வைக்கும்போது தயவுசெய்து இந்தச் சொற்களைப் போடுங்கள். போன வருடம் ஒரு மாணவர் செய்த மொடலைப் பார்த்தேன். லேயர் 1, லேயர் 2, லேயர் 3 என்று 40 லேயர். செய்தவரே இன்னும் இரண்டு வருடத்தில் அதைத் திறந்தால் எது ரீப்பை எது சலாகை என்று அவருக்கே தெரியாது.

நூலகமேசை (வியாழன், காலை 9.00)

ஓடாவி மகன் சொன்னதை அப்படியே ஆதரிக்கிறேன். விபரப் பட்டியலில் ஒரு புலத்தில் கெட்டி நிறுவனத்தின் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியத்தில் உள்ள ஆங்கிலச் சொல், அடுத்த புலத்தில் திருமலையில் வழங்கும் சொல். முதலாவது இருந்தால் உலகத்தில் எவரும் தேடி எடுக்கலாம். இரண்டாவது இருந்தால் இந்த ஊர் மேசனும் ஓடாவியும் அதை வாசித்து வேலை செய்யலாம்.

இனி வடிவங்கள். நீ திறந்த அந்த ரெவிட் கோப்பு உனக்கு நல்ல பாடம். ரெவிட்டில் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பில் திறக்கவே முடியாது. ஸ்கெட்ச்அப் 2000இல் ஒரு சின்னக் கம்பனியிடம் பிறந்து, 2006இல் கூகுளிடம் போய், 2012இல் ட்ரிம்பிளிடம் போனது. மென்பொருள் கைமாறும், விலை மாறும், மாணவர் உரிமம் முடியும். ஆகவே நீ வேலை செய்த மூலக் கோப்போடு, எவரும் வாசிக்கக்கூடிய திறந்த வடிவத்தில் இன்னொரு பிரதியும் கட்டாயம் வேண்டும். சுவர், கதவு, கூரை என்று பொருள் அடையாளத்தோடு உள்ள மொடலுக்கு ஐஎஃப்சி, அது ஐஎஸ்ஓ 16739 தரம். புள்ளிமேகத்துக்கு ஈ57. இணையத்தில் சுழற்றிப் பார்ப்பதற்கு ஜிஎல்டிஎஃப், அதுவும் 2022இல் ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது. தாள்களுக்குப் பிடிஎஃப்/ஏ. போட்டோகிராமெட்ரி செய்தால் எடுத்த எல்லாப் படங்களையும் வை. இன்றைய மென்பொருள் பிடிக்காததை நாளைய மென்பொருள் அதே படங்களிலிருந்து பிடிக்கும்.

இந்தச் சிக்கல் நம்முடைய ஏழ்மையால் வந்தது என்று நினைத்துவிடாதே. எம்ஐடி நூலகம் 2006இலிருந்து 2009 வரை ஃபசாட் என்ற திட்டத்தை நடத்தியதே கட்டடக் கலைஞர்களின் கணினிக் கோப்புகளை எப்படிக் காப்பது என்று தெரியாமல்தான். மொன்ட்ரியாலில் உள்ள கனடியக் கட்டடக்கலை மையம் 2013இல் தொல்பொருள் தோண்டுவது போல முதல் தலைமுறை டிஜிட்டல் கட்டடங்களின் கோப்புகளைத் தோண்டியெடுத்துக் கண்காட்சி வைத்தது.

கடல்முகம் (வியாழன், இரவு 7.30)

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் கனடாவில் இருக்கிறேன். எங்கள் அம்மம்மா வீடு டச் பேக்குக் கிட்ட. நீங்கள் பேசும் நாலில் ஒன்று அதுவாகக் கூட இருக்கலாம்.

நல்ல நோக்கம் என்று தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் இப்போது 80 வயதுப் பெரியம்மா தனியாக இருக்கிறார். எந்த யன்னலுக்குக் கம்பி இல்லை, பின்கதவு எங்கே திறக்கிறது, அலுமாரி எந்த அறை என்பதெல்லாம் மொடலாக இணையத்தில் போனால் எனக்கு நித்திரை வராது. இன்னொன்று, காணிக்கு உரித்துப் பிரச்சினை நடக்கிறது. 'இந்தச் சுவர் பிறகு கட்டியது' என்ற ஒரு வரி பங்கு பிரிக்கும்போது என்ன செய்யும் என்று உங்களில் யாராவது யோசித்தீர்களா? வீட்டுக்காரரைக் கேட்காமல் இதெல்லாம் எப்படி?

பழைய படவரைஞர் (வியாழன், இரவு 8.05)

பிள்ளை கேட்டது முறையான கேள்வி. அந்த வீட்டு வாசலில் எனக்குத் தேத்தண்ணி தந்து இருத்திப் பேசிய மனிதர்கள் திருத்த வேலைக்காகத்தான் அளக்க விட்டார்கள். உலகத்துக்குக் காட்ட அல்ல. நான் கோப்பை அனுப்பியது அவசரம். மகள், நான் சொல்லும்வரை அந்த நாலையும் வேறு எவருக்கும் கொடுக்க வேண்டாம்.

மாடவிளக்கு (வியாழன், இரவு 8.20)

கொடுக்க மாட்டேன் ஐயா. அக்கா, உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். வீடு இடிந்து போகிறதே என்ற பதற்றத்தில் உள்ளே ஆள் இருக்கிறார் என்பதை நான் பின்னுக்குத் தள்ளிவிட்டேன்.

நூலகமேசை (வியாழன், இரவு 10.15)

கடல்முகம் அக்கா, நூலகத்தில் வைப்பது வேறு, இணையத்தில் போடுவது வேறு. இந்த இரண்டையும் நாங்களே சரியாகப் பிரித்துச் சொல்வதில்லை, அது எங்கள் குறை. இப்போது பல பல்கலைக்கழகக் களஞ்சியங்கள் டீஸ்பேஸ் என்ற திறந்த மென்பொருளில் ஓடுகின்றன. அதில் ஒரு கோப்பைச் சேர்த்துவிட்டு, இத்தனை வருடத்துக்கு எவரும் பார்க்க முடியாதபடி பூட்டி வைக்கலாம். தலைப்பும் சுருக்கமும் மட்டும் வெளியே தெரியும். வீட்டு இலக்கத்தை எழுதாமல் 'டச் பே பகுதி' என்று நிறுத்தலாம். உள்ளறைகளை மறைத்து வெளிமுகப்பை மட்டும் காட்டும் பிரதி ஒன்றைப் பொதுவில் வைக்கலாம்.

உரிமையும் இரண்டு. வரைபடத்தின் பதிப்புரிமை வீட்டுக்காரருடையது அல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 வருடமும் அது நிற்கும். அலுவலக வேலையாக வரைந்ததென்றால் அந்த உரிமை அலுவலகத்துக்கே போகலாம், ஆகவே ஐயாவும் அதைக் கேட்டுத் தெளிவது நல்லது. ஆனால் வீட்டுக்குள் நுழைய விட்டவரின் சம்மதம் சட்டத்துக்கு முன்னால் நிற்கிற விஷயம். தமிழில் ஒரு பக்கக் கடிதம், எது வெளியே போகும் எது போகாது என்று தெளிவாக எழுதி, வீட்டில் இருக்கும் பெரியவரிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கு. இல்லை என்றால் இல்லைதான்.

ஆனாலும் அக்கா, ஒன்றைக் கேளுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 அளவில் நூல்கள் எரிந்தன. வேறு பிரதி இருந்த நூல்கள் பிறகு எங்கிருந்தோ வந்து சேர்ந்தன. ஒற்றைப் பிரதியாக இருந்த சுவடிகள் வரவே இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில் இன்று ஈழத்துப் பத்திரிகையும் மலரும் வாசிக்கக் கிடைப்பது, யாரோ வீட்டில் வைத்திருந்த ஒரு பிரதியைக் கொடுத்ததால்தான். உங்கள் அம்மம்மா வீட்டுக்கு இருப்பது அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஒரு கோப்பு.

கடல்முகம் (வெள்ளி, காலை 5.40)

யோசிக்கிறேன்.

கோட்டைவாசல் (வெள்ளி, மதியம் 2.10)

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். வீடுகளை விடுங்கள், கோணேசர் கோயிலின் பழைய ஆயிரங்கால் மண்டபத்தை யாராவது 3டியில் செய்து நூலகத்தில் வைக்கலாமே? பிள்ளைகள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பாலையூற்றான் (வெள்ளி, மாலை 6.00)

எனக்கும் ஆசைதான். ஆனால் எதை அளப்பது? பறங்கியர் கோயிலை இடித்து 1624 வாக்கில் அந்தக் கல்லிலேயே கோட்டையைக் கட்டினார்கள். இருப்பது சில தூண்களும் கடலுக்கடியில் கிடக்கும் கற்களும்தான். அழகாக ஒரு மொடல் செய்துவிட்டால் 50 வருடத்தில் அதையே சான்றாகக் காட்டுவார்கள். லண்டன் சாசனம் என்று ஒன்று 2006இல் வந்தது, பாரம்பரியக் கட்டடங்களைக் கணினியில் காட்டுகிறவர்களுக்கானது. எது சான்று, எது ஊகம், ஏன் அப்படி ஊகித்தோம் என்பதை மொடலோடு சேர்த்துப் பதிய வேண்டும் என்கிறது. இருக்கும் கல்லுக்கு ஒரு நிறம், ஊகத்துக்கு வேறு நிறம் என்று செய்தால் நான் முதலாளாக வருவேன்.

அதை விடப் பிரெட்ரிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயலும் தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றனவே, முதலில் அவற்றைப் பிடிக்க வேண்டும். எழுத்து மழுங்கிக்கொண்டு போகிறது. கமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, வெளிச்சத்தை மட்டும் சுற்றிச் சுற்றி நகர்த்தி, 40, 50 படம் எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத கீறலும் திரையில் எழும்பி வரும். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் அனுமதி எடுக்காமல் ட்ரைபொட்டை விரிக்க வேண்டாம். தொல்பொருள் திணைக்களத்துக்கும் எழுத வேண்டும். ட்ரோன் என்ற பேச்சே இந்த ஊரில் தனி அனுமதி.

கோட்டைவாசல் (வெள்ளி, மாலை 6.25)

நல்லது. கடிதம் எழுத நான் வருகிறேன்.

கடல்முகம் (சனி, காலை 6.00)

பெரியம்மாவோடு கதைத்தேன். நான் பயப்பட்ட எதற்கும் அவர் பயப்படவில்லை. 'அளக்க வந்த தம்பியா? சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தவர்' என்று ஐயாவை ஞாபகம் வைத்துக் கேட்டார். 64இல் கூரை போன இரவு எல்லாரும் எந்த மூலையில் இருந்தார்கள் என்று அரை மணித்தியாலம் சொன்னார். அதை நான் இதுவரை கேட்டதே இல்லை.

உள்ளறைகள் 20 வருடத்துக்குப் பூட்டியே இருக்க வேண்டும். வீட்டு இலக்கம் கூடாது. காணி வழக்கு முடியும்வரை அந்தச் சுவர்க் குறிப்பு எந்தப் பொதுப் பிரதியிலும் வரக்கூடாது, இங்கே எழுதினதையும் எடுத்துவிட முடிந்தால் எடுத்துவிடுங்கள். இதற்கெல்லாம் சம்மதமென்றால் வந்து ஸ்கான் எடுக்கலாம். அவர் குரலையும் பதிந்து அதே பெட்டகத்தில் வைக்க முடியுமா?

நூலகமேசை (சனி, காலை 8.15)

முடியும் அக்கா. ஒலிக்கு டபிள்யூஏவி வடிவம். மொடலும் ஒலியும் ஒரே பதிவின் கீழ் வரும்.

மாடவிளக்கு (சனி, இரவு 9.00)

கடிதம் எழுதிவிட்டேன், நூலகமேசை அக்கா திருத்தித் தந்தார். கோப்போடு வைக்கப்போகும் உரைக் குறிப்பின் தொடக்கம் இப்படி இருக்கிறது, பிழை இருந்தால் சொல்லுங்கள்:

'வீடு: டச் பே பகுதி, திருகோணமலை. மூல வரைபடம்: ஆட்டோகேட் ரிலீஸ் 14, அலகு அங்குலம், எழுத்துரு பாமினி, எழுத்துருக் கோப்பு உள்ளே. யுனிகோட் பிரதி தனியே. அளவுகள் அரை அடிக்கு முழுமையாக்கப்பட்டிருக்கலாம் என்று வரைந்தவர் சொன்னார். கூரை மரங்களின் பெயர்கள் உள்ளூர் வழக்கு.'

ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 எண் எடுத்திருக்கிறேன். ஒரு பிட் மாறினாலும் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று பிரதி: நூலகத்தில் ஒன்று, என்னிடம் ஒன்று, அக்காவோடு கனடாவில் ஒன்று.

ஐயா, நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?

பழைய படவரைஞர் (சனி, இரவு 9.25)

ஏழு மணிக்கு முன் வா. அதற்குப் பிறகு முற்றத்தில் வெயில் இறங்கிப் பாதிச் சுவர் கறுப்பும் பாதி வெள்ளையுமாய் வெட்டும், பாலையூற்றுத் தம்பியின் படங்கள் சரிவராது. வெள்ளை அடித்த சுவரில் பிடிப்பதற்கு அடையாளம் இல்லை என்று தம்பி சொன்னார், அதனால் ஒட்டுவதற்குச் சின்னச் சின்னப் புள்ளித் தாள் வெட்டி வைத்திருக்கிறேன், உரித்தால் சுண்ணாம்பு வராத பசை. 100 அடி நாடா என்னிடம் இருக்கிறது. தூணுக்குத் தூண் இடைவெளியை முதலில் அளப்போம், நான் ஏழரை என்று போட்ட இடம் அதுதான்.

ஓடாவி மகனையும் வரச் சொல். இரண்டு ஓடு கழற்ற ஆள் வேண்டும்.

கிண்ணியா ஓடாவி மகன் (சனி, இரவு 9.31)

சுபஹு தொழுதுவிட்டுப் பாலத்தால் ஏறிவிடுவேன் ஐயா. வாப்பாவும் வருகிறாராம்.